பெட்டிக்குள் பெட்டை

ஜூலையில் அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.
அந்தேரியில் யாருக்குத்தான் கட்டாது.
சுவர் வியர்க்க, ஒலிப்பதிவு அறையின் பஞ்சு ஊறிக் கனக்க,
ஒரு சாண் நீள மரப்பெட்டி
இழுத்தால் கத்தாமல் முனகுகிறது.

வான்கோழி வேட்டைக்காக
எங்கோ ஒரு குளிர்நாட்டில் செய்தது.
மூடியை விளிம்போடு உரசினால் பெட்டை கூப்பிடும்.
சேவல் நம்பி வரும்.
அப்புறம் துப்பாக்கி.
இங்கே எப்படி வந்ததென்று பருலேகருக்கும் நினைவில்லை.
"ஏலத்தில் எடுத்த மூட்டை. இதுவும் இருந்தது,
ஒரு குதிரை லாடமும்."

எங்களிடம் அது வான்கோழியாக இருந்ததேயில்லை.
பேய்ப்படத்தில் பின்கட்டுக் கதவு.
ஒரு மராத்திப் படத்தில் அச்சு காய்ந்த மாட்டுவண்டி.
ஒரு சீரியலில் நானூறு எபிசோடு
மாமியாரின் ஊஞ்சல்.

பராமரிப்பு என்னுடையது.
யாரும் ஒப்படைக்கவில்லை, என் மேசையில் கிடந்தது.
எண்ணெய் ஆகாது. விரல் பிசுக்கு ஆகாது.
பழைய சாக்குத்தூளைக் காய்ந்த துணியால் துடைத்து
மூடியின் அடிவயிற்றில் மட்டும் புதிதாகப் பூசவேண்டும்.
திருகைத் தொடவே கூடாது.

ஒருமுறை சாவியோ அவசரத்தில்
தையல்காரர் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டான்.
அதில் மெழுகு. ஒரு வாரம் ஊமை.
சரிசெய்கிறேன் என்று உப்புத்தாளோடு வந்தான்,
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
அந்த விளிம்பின் வளைவில்தான் குரல் இருக்கிறது,
மயிரிழை தேய்ந்தாலும் திரும்பாது.
பாத்திரம் விளக்கும் பச்சை நாரால்
மூடியை மட்டும், அழுத்தாமல்,
இரண்டு இரவு.
பிறகு துணியில் சுற்றி
ஆன்டாப் ஹில் அறையில் அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.
உலைக்கு அரிசி அள்ளப் போன ரெஜினா
"உள்ளே எதையோ கொன்று வைத்திருக்கியா?" என்றாள்.

டிசம்பரில் சாக்கட்டி தீர்ந்தது.
அப்துல் ரகுமான் தெருவில் மொத்தவிலைக்கு ஒரு பெட்டி வாங்கி
கிராஃபோர்ட் மார்க்கெட் கோழிப்பகுதி வழியாகத் திரும்பினேன்.
மூடியை இறுக்கியிருந்த ரப்பர் பேண்டு
எப்போது அறுந்ததோ.
நான் நடக்க, மூடி ஆட,
பைக்குள்ளிருந்து ஒரு பெட்டை கூப்பிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு எடைபோட வைத்திருந்த கூண்டில்
ஒரு கழுத்து நீண்டது.
நீலமாய் இருந்த சதை சிவந்தது. வெடித்துக் கத்தியது.
அடுத்த கூண்டு.
அதற்கடுத்தது.
இடமில்லாத இடத்தில் வால்கள் விசிறியாய் விரிந்து
கம்பியில் மடங்கின.
வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு
என் காலைச் சுற்றித் தேடினார், கோழி எங்கே என்று.
நான் அசையவில்லை.
இன்னொரு அடி வைத்தால்
இன்னொரு முறை கூப்பிடும்.

இருபத்தோரு வருஷமாகக் கதாநாயகிகளுக்காக நடக்கிறேன்,
சரளைக்கல்லில், ஈரமணலில், சலவைக்கல் பலகையில்.
திரையில் வருகிறவள் வேறு, சத்தம் நான்.
இருட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள்
யாரும் பதில் சொன்னதில்லை.

மூடியை உள்ளங்கையால் பொத்தியபடி
கீரை விற்கிறவளிடம் ரப்பர் பேண்டு கேட்டேன்.
சும்மா தரமாட்டாள். கொத்துமல்லி எடு என்றாள்.
ஒரு கட்டு எடுத்தேன், பேண்டு இரண்டு கேட்டேன்.
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.

மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்வரை
அவை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன.
பை தோளில் வாய்மூடிக் கிடந்தது.
கொத்துமல்லியை மறுகையில் தனியாகப் பிடித்திருந்தேன்.
தண்ணீர் தெளித்தது. பெட்டிக்கு ஆகாது.